உயரத்தில் நிற்பவனும் பட்டியலில் நிற்பவனும்

ஆன்லைன் விமானப் போர் ஆட்டத்தில் தரவரிசையின் முதல் இடங்களில் இருப்பவரைத் தேடிப் போனால், பெரும்பாலும் அவர் சண்டை நடக்கும் இடத்தில் இருக்கமாட்டார். ஐயாயிரம் மீட்டர் உயரத்தில், வரைபடத்தின் ஓரமாகத் தனியே சுற்றிக்கொண்டிருப்பார். கீழே பத்துப் பேர் ஒருவரையொருவர் துரத்தி வேகமெல்லாம் தீர்ந்து தடுமாறும் நேரம் பார்த்து இறங்குவார், ஒருவனைச் சுடுவார், பட்டாலும் படாவிட்டாலும் அதே வேகத்தில் மேலே போய்விடுவார். வார் தண்டர் ஆடுகிற நாகர்கோவில் பையன்கள் இதைப் ‘பூம் அண்ட் ஜூம்’ என்கிறார்கள். இதற்கு எதிர்ப்பாணி ‘டர்ன் ஃபைட்’: எதிரியின் வால்பக்கம் கிடைக்கும்வரை விடாமல் வட்டமடிப்பது. முன்னதைக் கோழைத்தனம் என்பார் பலர், பின்னதை முட்டாள்தனம் என்பார் சிலர். இந்த வாக்குவாதம் தொலைபேசிக் கம்பி வழியாக ஆடிய ஏர் வாரியர் காலத்திலிருந்தே ஓயவில்லை. எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. ஆடுகிறவன் பாணியைத் தானே தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறான். பாதிக்கு மேல் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது மதிப்பெண் போடும் சூத்திரம்.

கோழைத்தனம் என்ற குற்றச்சாட்டை முதலில் தள்ளிவிடலாம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் ஆயிரம் மீட்டர் கீழே பாய்ந்தால், காற்றின் தடையையும் எஞ்சினின் இழுவையையும் ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டாலும், வேகம் ஏறக்குறைய 590 ஆகிறது. கீழே திரும்பித் திரும்பி 250-க்கு இறங்கிவிட்டவனால் அதைத் துரத்த முடியாது. எப்போது அடிப்பது, எப்போது விலகுவது என்பதை மேலிருப்பவன் மட்டுமே தீர்மானிக்கிறான். ஜெர்மன் விமானி ஆஸ்வால்ட் பெல்க்க 1916-இல் எழுதி வைத்த விதிகளில் முதலாவதே, தாக்குவதற்கு முன் சாதகமான நிலையைப் பிடி என்பதுதான். சீனாவுக்காகப் போரிட்ட தம் பி-40 விமானிகளுக்கு அமெரிக்கத் தளபதி செனால்ட் 1941-இல் சொன்னதும் இதுதான்: ஜப்பானிய விமானத்தோடு வட்டமடிக்காதே, பாய்ந்து அடி, விலகு. ஜப்பானின் ஜீரோ விமானத்தின் எடை சுமார் இரண்டரை டன். பின்னால் வந்த அமெரிக்க பி-47-இன் எடை ஆறு டன்னுக்கு மேல். ஆறு டன்னை வைத்துக்கொண்டு இரண்டரை டன்னோடு வட்டம் போடுவதை வீரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் இந்தப் பாணியில் குறையே இல்லையா? உண்டு. அதைப் புரிந்துகொள்ள நமக்குக் கபடி போதும். பாடிப் போகிறவன் தொட்டதற்குப் புள்ளி உண்டு, ஆனால் நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்தால்தான். தொட்டுவிட்டு அங்கேயே பிடிபட்டால் தொட்டது கணக்கில் வராது. ‘திரும்பி வா’ என்பதை விதியே சொல்லிக் கொடுக்கிறது. ஆனால் திரும்பி வருவது மட்டுமே குறி என்றானால், யாரையும் தொடாமல் ஓரத்தில் கால் வைத்துவிட்டு முப்பது நொடியையும் கழித்துவிடலாம். புரோ கபடி இதைக் கண்டுகொண்டது. தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவது ‘டூ ஆர் டை’. புள்ளி எடுக்காவிட்டால் பாடிப் போனவனே அவுட். விமான ஆட்டங்களில் பலவற்றுக்கு இந்த மூன்றாவது ரெய்டு இல்லை. ஐயாயிரம் மீட்டரில் அரைமணி நேரம் சும்மா சுற்றியவனுக்கு எந்தச் சேதமும் இல்லை.

இதைச் சரிசெய்ய மெனக்கெட்ட ஆட்டம் ஏசஸ் ஹை. டெக்ஸாஸின் ஹைடெக் கிரியேஷன்ஸ் 2000-இல் வெளியிட்டது. போர்விமானத் தரவரிசைக்கு அதில் ஒரே அளவுகோல் கிடையாது. ஒரு சாவுக்கு எத்தனை கில், ஒரு புறப்பாட்டுக்கு எத்தனை கில், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கில், சுட்ட குண்டில் எத்தனை சதவீதம் பட்டது, மொத்தப் புள்ளி எவ்வளவு என்று ஐந்தையும் தனித்தனியாக வரிசைப்படுத்திக் கூட்டுவார்கள். உள்ளே இருக்கும் யோசனை அழகானது. சாவைத் தவிர்க்க மேலேயே சுற்றுகிறவனுக்கு மணிக்கணக்கு சரியும். அவசரமாகப் பாய்கிறவனுக்குச் சாவுக்கணக்கு சரியும். கண்டபடி சுட்டால் சதவீதம் விழும். ஒன்றை ஏற்ற இன்னொன்று இறங்குவதால், நடுவில் நின்று ஆடத் தெரிந்தவனே மேலே வருவான் என்பது எதிர்பார்ப்பு. மாதந்தோறும் பட்டியல் புதிதாகத் தொடங்கும். பழைய பெருமையை வைத்து ஒருவன் வருடக்கணக்கில் முதலிடத்தில் உட்கார முடியாது. இதற்கு மேல் நேர்மையான சூத்திரம் இந்த வகை ஆட்டங்களில் நான் பார்த்ததில்லை.

ஆனாலும் ஓட்டை விழுந்தது. ஒரே விமானத்தை ‘ஃபைட்டர்’ கணக்கிலும் எடுக்கலாம், ‘அட்டாக்’ கணக்கிலும் எடுக்கலாம். தளத்தைப் பிடிக்கத் தாழ்வாகப் பறந்து குண்டு போடும் வேலை, சாக வாய்ப்புள்ள வேலை. அதற்குப் போகும்போது அட்டாக் என்று தெரிவு செய்துவிட்டால் செத்தாலும் ஃபைட்டர் கணக்கில் கீறல் விழாது. உயரமும் ஆள்பலமும் நம் பக்கம் இருக்கும் நேரத்தில் மட்டும் ஃபைட்டர். விதிமீறல் எதுவும் இல்லை. ஹாங்கரில் ஒரு பொத்தான்தான். ஆனால் அந்தப் பட்டியலில் தெரியும் ‘சாவில்லா’ விமானி, தன் சாவுகளை வேறொரு கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பவர்.

கணக்கு எழுதும் முறை ஆளைப் பெரியவனாக்குவதும் சிறியவனாக்குவதும் கணினிக்கு முன்பே நடந்த கதை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் பறந்து பத்து விமானங்களை வீழ்த்திய இந்திய விமானி இந்திரலால் ராய் 1918 ஜூலை 22 அன்று, பத்தொன்பது வயதில் இறந்தார். அந்தப் பத்தில், கட்டுப்பாடிழந்து கீழே போனதாகப் பதிவானவையும் உண்டு. தரையில் நொறுங்கியதைப் பார்த்தால்தான் கணக்கு என்று அன்றைய பிரிட்டிஷ் படை சொல்லவில்லை. இரண்டாம் போரில் அதே பிரிட்டிஷ் படை, இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி என்று எழுதியது. ஜெர்மானியர்களோ, எத்தனை பேர் சுட்டாலும் கணக்கு ஒருவனுக்கே என்றார்கள். கூட வந்த துணை விமானியின் வேலை தலைவனின் வாலைக் காப்பது. அதற்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. அந்தக் குறையை ஆட்டங்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. நண்பனின் பின்னால் நிற்பவனை விரட்டிவிட்டால் நண்பன் பிழைக்கிறான். விரட்டியவனுக்கு ‘அசிஸ்ட்’கூடக் கிடைக்காமல் போகலாம். அதனால்தான் புகைந்துகொண்டு விழப்போகிற விமானத்தை நாலு பேர் சேர்ந்து துரத்துகிறார்கள், முழுசாக இருக்கும் எதிரியை எவரும் கவனிப்பதில்லை.

வார் தண்டரில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே ‘பேட்டில் ரேட்டிங்’ எண் ஆளுக்கில்லை, விமானத்துக்கு. விமானத்தின் திறனோடு, அதை ஓட்டுகிறவர்கள் சராசரியாக எப்படி ஆடுகிறார்கள் என்பதும் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது. கனத்த விமானத்தைப் புதியவர்கள் வட்டமடிக்கவிட்டுச் சாகச் சாக, அதன் எண் இறங்கும். பிறகு உயரம் பிடிக்கத் தெரிந்தவன் அதே விமானத்தை எடுத்துக்கொண்டு தன்னைவிட எளிய எதிரிகளிடம் போவான். அறியாதவர்கள் செத்ததன் பலன் அறிந்தவனுக்குப் போய்ச் சேருகிறது. சுடப்பட்டால் ஆட்டத்துக் காசில் பழுதுச்செலவும் கட்ட வேண்டும். செலவு ஏற ஏற ஆடுகிறவன் துணிவு குறையும். 2023 மே மாதம் ஸ்டீம் தளத்தில் எதிர்மறை விமர்சனங்கள் குவிந்த பிறகே ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் இந்தப் பொருளாதாரத்தைத் திருத்த முன்வந்தது. ஆடுகிறவர்களைக் கோழை என்று திட்டியவர்கள், பழுதுக்கு வந்த பில்லையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

நம் குமரி மாவட்டத்திலிருந்து ஆடுகிறவனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: பிங், அதாவது சர்வருக்குச் செய்தி போய்வரும் தாமதம். வடசேரியில் என் சித்தி மகன் ஆடும்போது பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஐரோப்பிய சர்வர். எதிரி குறுக்கே போகிறான், குறியின் நடுவில்தான் சுடுகிறான், ஒன்றும் ஆகவில்லை. தாமதம் 200 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் அதற்குள் இருபத்தெட்டு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை விரிவு பதினொரு மீட்டர்தான். சுடுபவன் திரையில் பட்டதைப் பட்டதாக ஏற்கும் ஆட்டங்களும் உண்டு, சர்வர் சொல்வதே தீர்ப்பு என்னும் ஆட்டங்களும் உண்டு. பின்னதில் குறுக்காகச் சுடுவது நமக்கு வீண். ஆகவே பையன் நேர் பின்னாலிருந்து, கிட்டே போய் மட்டும் சுடப் பழகியிருக்கிறான். ஹெட்செட்டில் அவன் கூட்டாளியிடம் கத்துவது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: “எறங்காதல மக்கா, மேல ஒருத்தன் நிக்கான்!” அவனைப் பார்த்தால் எச்சரிக்கையான, பொறுமையான ஆட்டக்காரன் என்றுதான் தோன்றும். அந்தப் பொறுமையில் பாதி கடலடிக் கேபிளின் நீளம். ஆடி மாதக் காற்றில் கரண்ட் போனால் அதுவும் சேர்ந்துகொள்ளும். எதிரி பக்கத்தில் இருக்கும்போது இணைப்பு அறுந்தால், பல ஆட்டங்களில் அவனுக்கு ஒரு கில் இலவசம். குண்டுச் சதவீதத்தையும் சாவுக்கணக்கையும் வைத்துப் போடும் தரவரிசை, இவனையும் பிராங்ஃபர்ட்டில் சர்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிறவனையும் ஒரே பட்டியலில் எழுதுகிறது.

இதற்காகத் தரவரிசையையே எடுத்துவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எண் இல்லாத ஆட்டத்தில் உயிருக்கு மதிப்பே இருக்காது. வார் தண்டரின் ஆர்கேட் முறையில் செத்த கையோடு அடுத்த விமானத்தில் வந்து நிற்கலாம், அங்கே நேருக்கு நேர் மோதிச் சாவதும் ஒரு உத்தி. எரிபொருளைப் பார்க்கவும், சண்டையை விட்டு விலகவும், தளத்துக்குத் திரும்பி இறங்கவும் ஆளைப் பழக்கியது அந்த எண்தான். வேண்டியது, எண்ணை ஒன்றாகக் கூட்டிக் காட்டாமல் பிரித்துக் காட்டுவதும், சேர்ந்து போனவன் பிழைத்துத் திரும்பினால் துணை நின்றவனுக்கும் ஒரு கணக்கு எழுதுவதும். இரண்டுக்கும் தேவையான தரவு சர்வரில் ஏற்கெனவே கிடக்கிறது.

மாதந்தோறும் புதிதாகத் தொடங்கும் பட்டியலில் மாதக் கடைசியைத்தான் எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை. நல்ல எண் கையில் இருப்பவனுக்கு 28, 29 தேதிகளில் பறப்பதால் லாபமில்லை. ஒரு சாவு போதும், இரண்டு இடம் கீழே போவான். ஆகவே லாகின் செய்து, பட்டியலைப் பார்த்துவிட்டு, அரட்டையில் உட்கார்ந்திருப்பான். கபடியில் பாடிப் போக ஆளனுப்பாத அணிக்காக முப்பது நொடி காத்திருக்க யாரும் இல்லை. இங்கே ஒன்றாம் தேதி வரை காத்திருக்கலாம்.