மழை பார்த்துக் கிளம்பியவள்

'ராபிட்-ப்ரூஃப் ஃபென்ஸ்' (2002) பற்றிப் பேசுபவர்கள் அந்தக் கழுகை விடுவதே இல்லை. படத்தின் தொடக்கத்தில் அம்மா மோலிக்கு வானத்தில் காட்டும் காவல் பறவை அது. கடைசியில் பாலைவனத்தில் மயங்கிக் கிடக்கும் மோலி கண் திறக்கும்போது, அதே கழுகு மேலே பறக்கிறது. பீட்டர் கேப்ரியலின் இசை வேறு. சிலிர்க்கத்தான் செய்யுது. ஆனால் அவளுக்கும் அவள் மண்ணுக்கும் உள்ள உறவைக் கழுகிலேயே முடித்துக்கொண்டால் பாதிப் படம் கைநழுவிவிடும். எனக்கு அந்த உறவு உடும்பு வேட்டையில் தெரிகிறது.

ஆரம்பக் காட்சியில் மோலி உடும்பின் தடத்தைத் தேடிப் போகிறாள். மண்ணைப் படிக்கத் தெரிந்த பெண் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. இது 1931. கலப்பினக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரிக்க மேற்கு ஆஸ்திரேலியாவில் சட்டமே இருந்தது. அதைச் செய்யும் அதிகாரியான நெவிலின் பதவிப் பெயர், கேளுங்க, 'தலைமைப் பாதுகாவலர்'! 14 வயது மோலியையும் டெய்சியையும் கிரேசியையும் ஜிகலாங்கிலிருந்து மூர் ரிவர் குடியிருப்புக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே தாய்மொழியில் பேசக் கூடாது.

மோலி அங்கே அழுது புரளவில்லை, சவாலும் விடவில்லை. மேகம் திரள்வதைப் பார்க்கிறாள். மழை பெய்தால் கால்தடம் அழிந்துவிடும், இப்பவே கிளம்பணும். அவ்வளவுதான். அவளுடைய துணிச்சல் என்பது இந்தக் கணக்குதான். உடும்பின் தடத்தைப் படித்தவளுக்குத் தன் தடத்தை எப்படி மறைப்பது என்றும் தெரியும்.

துரத்தி வரும் தடம்பார்ப்பவன் மூடூவும் பழங்குடிதான். டேவிட் கல்பிலில் அந்தப் பாத்திரத்தில் பேசுவதே குறைவு. ஒரே அறிவு அவளை வீட்டுக்கு நடத்துகிறது, அவனை அரசின் வேலையாளாக்குகிறது. மூடூவின் மகளும் அதே குடியிருப்பில்தான் இருக்கிறாள். அதனால் அவனை வில்லன் என்று ஒதுக்க முடியவில்லை. மோலியின் சாமர்த்தியத்தை முழுசாகப் புரிந்துகொள்பவனும் அவன் ஒருத்தன்தான்.

முயல்களைத் தடுக்க வெள்ளையர்கள் போட்ட வேலி, ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நடைக்கு அவளுடைய வழிகாட்டியாகிறது. வழியில் பிரிந்துபோகும் கிரேசி பிடிபடுகிறாள். முன்பு நடித்தே இராத எவர்லின் சாம்பி, மோலியின் களைப்பையும் பிடிவாதத்தையும் கண்ணிலேயே வைத்திருக்கிறார். இயக்குநர் பிலிப் நாய்ஸ் அந்தக் கண்களை இன்னும் கொஞ்சம் நம்பியிருக்கலாம். கழுகு வராவிட்டாலும் மோலி எழுந்திருப்பாள்.

வீடு சேர்ந்ததும் படம் நிம்மதியாக முடியலாம், ஆனால் முடியவில்லை. நிஜ மோலியும் டெய்சியும் முதுமையில் திரையில் நடந்து வருகிறார்கள். மிச்சக் கதையும் அப்போதுதான் தெரிகிறது. மணமாகி இரண்டு மகள்களுக்குத் தாயான மோலியை மறுபடி மூர் ரிவருக்குக் கொண்டுபோகிறார்கள். 1941-இல் சின்னவள் அனபெல்லைத் தூக்கிக்கொண்டு மறுபடி நடக்கிறாள். பெரியவள் டோரிஸை விட்டுவிட்டுத்தான் வர முடிந்தது. பிறகு அனபெல்லையும் பறித்துக்கொண்டார்கள். அந்த மகளை அவள் கடைசிவரை பார்க்கவே இல்லை.

இந்தப் படத்துக்கு மூலமான நூலை 1996-இல் எழுதியவர் விட்டுவரப்பட்ட அந்த மகள், டோரிஸ் பில்கிங்டன் கரிமாரா. இது தெரிந்த பிறகு 'வீரச் சிறுமி' என்ற பாராட்டு என் வாயில் சுலபமாக வருவதில்லை. ஒரு தடவை ஜெயித்த வீரத்தை அந்த அரசு மறுபடியும் நடக்க வைத்தது.

மோலி 2004-இல் இறந்தார். பறிக்கப்பட்ட தலைமுறைகளிடம் ஆஸ்திரேலியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008-இல்.