விழுகிறவனின் உடல்: பங்க்ரேஷன் வீடியோக்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கும் மல்யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற நண்பர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒரு சம்பந்தமும் கிடையாது. தோழர் ஒருவர் எட்டு மாதமாக ஃபோனில் வீடியோ பார்த்துப் பங்க்ரேஷன் கற்றுவருகிறார். எதிரே ஓர் உடம்பு வேண்டும் என்று என்னை இழுத்துவிட்டார். மொட்டை மாடியில் பழைய மெத்தை இரண்டு, சுவரில் சாய்த்துவைத்த ஃபோன், விழுவதற்கு நான். விழுந்த இடத்திலிருந்து எழுதுவதால் நடுநிலை எதையும் இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

பங்க்ரேஷன் என்ற கிரேக்கச் சொல்லுக்கு எல்லா வலுவும் என்று பொருள் கொள்ளலாம். கி.மு. 648இல், 33ஆவது ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட ஆட்டம். குத்து, உதை, பிடி, நெரிப்பு எல்லாம் உண்டு. கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் மட்டும் கூடாது. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் பழைய ஒலிம்பிக் முடிவுக்கு வந்தது, மரபும் அதை ஒட்டி அறுந்தது. இன்று கற்பிக்கப்படுவது ஆசான் கைமாற்றி வந்த வித்தை அல்ல. 1970களில் அமெரிக்காவில் கிரேக்க வம்சாவழியினரான ஜிம் அர்வனிடிஸ் பழைய ஆதாரங்களோடு பாக்சிங், மல்யுத்தம், ஆசியக் கலைகள் எல்லாவற்றையும் சேர்த்து 'மு டாவ்' என்று ஒன்றைக் கட்டினார். 1973இல் 'பிளாக் பெல்ட்' இதழின் அட்டைக்கு வந்தார். 1979இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே 'கிரேக்கக் கராத்தே' இருக்கிறது. கிரேக்கத்தை விற்க ஜப்பான் தேவைப்பட்டிருக்கிறது! இதில் தப்பு ஒன்றுமில்லை. சிதைந்த ஏட்டில் விடுபட்ட சீரை இட்டு நிரப்பி அச்சுக்கு அனுப்புகிற வேலையைப் பதிப்பாசிரியர்கள் செய்ததில்லையா? நிரப்பியதை மூலபாடம் என்று சாதிக்கும்போதுதான் வம்பு.

இனி வீடியோவுக்கு வருவோம். நாங்கள் பார்ப்பவற்றில் பல பழைய கேசட்டிலிருந்து ஏற்றப்பட்டவை, ஓரங்களில் கோடு நடுங்கும். கறுப்புத் திரை, சுவரில் ஒரு வெண்கலத் தலைக்கவசம், இரண்டு ஆண்கள். ஒருவர் பேசுகிறார். மற்றவர் குத்தியதும் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறார், விளக்கம் முடிகிறவரை. பிறகு வீழ்த்தப்படுகிறார். மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை, இன்னொரு கோணத்தில் மறுபடியும். அவருக்கு வசனம் கிடையாது. வலித்தால் பாயை இரண்டு முறை தட்டுவதுதான் அவருடைய மொழி. பேசுகிறவரின் வாக்கியங்களில் 'நான்' இருக்கிறது, 'இவர்' இருக்கிறது. 'நீ' பார்ப்பவனுக்கு உரியது, அவன் எப்போதும் பேசுகிறவரின் இடத்திலேயே நிறுத்தப்படுகிறான். விழுகிறவனின் இடத்திலிருந்து பார் என்று எந்த வீடியோவும் சொல்லவில்லை. எப்படி வீழ்த்துவது என்பதற்கு நாற்பது பாடம். எப்படி விழுவது என்பதற்கு ஒன்றே ஒன்று, அதுவும் மூன்று நிமிஷம். (என் இடது தோள்பட்டை இந்தப் புள்ளிவிவரத்தை உறுதிப்படுத்தும்.)

இதற்கு நேரெதிரான ஒரு பிரதி உண்டு. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்து 1903இல் பதிப்பிக்கப்பட்ட பாப்பிரஸ், எண் 466. மல்யுத்தப் பயிற்சிக்கான கட்டளைகள் அடங்கிய துண்டு, சுமார் 1900 ஆண்டுப் பழமை. அன்றைய வீடியோ என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாம் முன்னிலை ஏவல். ஆனால் அந்த 'நீ' ஓர் ஆளையே சுட்டவில்லை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு கட்டளை இவனுக்கு, அடுத்தது அவனுக்கு. இவன் பிடிக்க வேண்டும், அவன் அந்தப் பிடியிலிருந்து நழுவ வேண்டும், பிறகு இருவரும் பிணைந்துகொள்ள வேண்டும். பிரதிக்குள் இரண்டு 'நீ' இருக்க இடம் இருந்திருக்கிறது. வீடியோவில் ஒருவர் குருவாகிவிட, மற்றவர் பாடப்பொருளாகிவிட்டார். (அதே 1903 தொகுதியில்தான் 413ஆம் எண் நாடகமும் இருக்கிறது. இந்தியக் கடற்கரையில் நடக்கிற கேலி நாடகம். அதில் வருகிற புரியாத வசனம் கன்னடமா துளுவா என்று நம்மவர்கள் நூறு வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். கொஞ்சம் பக்கம் தள்ளி மல்யுத்தம் இருப்பதை யார் பார்த்தது?)

வீடியோக்காரர்களுக்குப் பிடித்த கதை இரண்டு. ஒன்று, கி.மு. 564இல் நெரிபட்டுச் சாகிற தறுவாயில் எதிராளியின் கால்விரலை முறித்து, அவன் தோல்வியை ஒப்புக்கொண்டதால், பிணமாகவே வெற்றிவாகை சூடிய அர்ரிகியோன். இதைச் சொல்லும்போது எல்லோருக்கும் குரல் தழுதழுக்கிறது. கைதூக்கி உயிர் பிழைத்தவன் பெயர் என்ன? கதையை எழுதிவைத்த பௌசானியஸ் அதைச் சொல்லவில்லை. விழுகிறவனுக்குப் பெயரில்லை என்கிற மரபு ரொம்பப் பழசுதான்.

இரண்டாவது, அலெக்சாண்டரின் படைவீரர்கள் இக்கலையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், இங்கிருந்து அது சீனாவுக்குப் போனது என்பது. ஆதாரம் கிடையாது. சிரிக்கலாம், சிரிப்பதற்கு முன்னால் நம் முதுகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காஞ்சி இளவரசன் போதிதர்மன் ஷாவோலினுக்குச் சண்டை சொல்லிக்கொடுத்தான் என்று 2011இல் 'ஏழாம் அறிவு' பார்த்துக் கைதட்டியவர்கள் நாம். அந்தக் கதைக்கு வேர், 17ஆம் நூற்றாண்டில் ஒரு சீன உடற்பயிற்சி நூலைப் போதிதர்மன் பெயரில் ஏற்றியதில் இருக்கிறது. ஒரே கதையாடல், ஆரம்ப முனையில் ஏதென்ஸ் என்று எழுதலாம், காஞ்சிபுரம் என்றும் எழுதலாம். தொன்மையைக் காட்டி உடம்பை முறுக்கேற்றுகிற அரசியல் எங்கே போய் நிற்கும் என்பதற்குக் கிரேக்கத்திலேயே உதாரணம் உண்டு. தெர்மோபைலேயில் ஸ்பார்ட்டா வீரர்களுக்கு ஆண்டுதோறும் தீப்பந்தம் ஏந்திய 'பொன் விடியல்' கட்சியின் ஆள்தான் 2013இல் பாடகர் பாவ்லோஸ் ஃபிஸ்ஸாஸைக் குத்திக் கொன்றான். 2020இல் நீதிமன்றம் அக்கட்சித் தலைமையைக் குற்றக் கும்பல் என்றே தீர்ப்பளித்தது.

அலெக்சாண்டர் படையோடு உண்மையில் வந்த பங்க்ரேஷன்காரன் ஒருவன் உண்டு, ஏதென்ஸின் டயோக்சிப்பஸ். இந்தியப் படையெடுப்பின்போது விருந்தொன்றில் மாசிடோனிய வீரன் கொராகஸ் அவனைச் சவாலுக்கு அழைத்தான். முழு ஆயுதத்தோடு வந்தவனை வெறும் தடியோடு நின்று வீழ்த்தினான். மன்னனுக்குப் பிடிக்கவில்லை. பொற்கிண்ணம் ஒன்றை ஒளித்துவைத்து அவனைத் திருடனாக்கினார்கள், தன்னையே கொன்றுகொண்டான். இந்தக் கதையை எந்த வீடியோவிலும் நான் கேட்டதில்லை.

தோழர் ஏன் வீடியோவில் கற்கிறார் என்று இதுவரை சொல்லாமல் வந்துவிட்டேன். அவருடைய ஊரில் சிலம்பம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் இருந்தார். ஊர்ப் பையன்களுக்குக் களத்தில் பாடம், சேரிப் பையன்களுக்கு வேலிக்கு வெளியே வேடிக்கை. "வேலிக்கு அந்தாண்ட நின்னு பாத்தே ரெண்டு வரிசை கத்துக்கிட்டேன் தோழர். ஒருநாள் பாத்துட்டாரு. குச்சிய ஒடச்சு அடுப்புல போடச் சொன்னாரு." இதைக் கேட்டதும் எனக்கு ஏகலைவன் ஞாபகம் வந்தது, சொன்னேன். அவருக்கு எரிச்சல். "அவன் கட்டவெரல குடுத்தான். நான் குச்சியத்தான் குடுத்தேன்."

கிரேக்கத்திலும் வேலி இருந்தது. அடிமை மல்யுத்தப் பள்ளியில் பயிற்சி செய்யக்கூடாது, உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளக் கூடாது என்று சோலோன் பெயரால் வழங்கிய சட்டத்தை கி.மு. 345இல் ஏஸ்கினஸ் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டுகிறான். சுதந்திரமான மனிதனின் கலை என்று வீடியோக்கள் பெருமையாக அறிவிக்கிற வாக்கியத்துக்குப் பின்னால் இந்தச் சட்டம் நிற்கிறது. அந்தப் பள்ளியின் கதவை இன்று ஒரு சேரிப் பையனுக்குத் திறந்துவிட்டிருப்பது மலிவான ஃபோன். வீடியோ அவரிடம் தெருப் பெயர் கேட்கவில்லை. ஏகலைவனின் மண்பொம்மைக்கும் இதற்கும் வித்தியாசம், இந்தத் துரோணர் திரும்பி வந்து எதுவும் கேட்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, மேலே நான் அடுக்கிய குறைகளையெல்லாம் மீறி, இவ்வீடியோக்களின் பக்கம் நிற்க வேண்டியிருக்கிறது.

பார்த்தே உடம்பு கற்றுக்கொள்ளுமா? மார்செல் மோஸ் 1934 உரையொன்றில் சொல்கிறார்: நியூயார்க் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நர்சுகளின் நடையை எங்கோ பார்த்த மாதிரி இருந்ததாம், சினிமாவில். பாரிஸ் திரும்பினால் அங்கே பெண்களும் அப்படியே நடக்கிறார்கள். நடை சரி, நெரிப்பு? எவ்வளவு அழுத்தினால் மூச்சு போகும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது திரையில் தெரிவதில்லை. அது எதிராளியின் கழுத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது, கையால் வாசிக்க வேண்டும். இரண்டாம் மாதம் நான் தட்டியது தோழருக்குக் கேட்கவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சத்தத்தை அணைத்துவிட்டோம். ஒரு பாடத்தை இரண்டு முறை பார்க்கிறோம். இரண்டாம் தடவை விழுகிறவனை மட்டும். அவன் எந்தக் காலில் கனத்தை வைக்கிறான், மோவாயை எப்போது மார்புக்குக் கொண்டுபோகிறான். பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆள் மாறி ஆள் வாயால் சொல்லிச் செய்கிறோம். பேச்சில் 'நீங்க' போட்டுப் பேசுகிற நாங்கள் மெத்தைமேல் 'நீ'க்கு மாறிவிட்டோம்.

போன வாரம் தோழரின் தெருவிலிருந்து பையன்கள் இரண்டு பேரும் ஒரு பெண்ணும் வந்திருந்தார்கள். அந்தப் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். மெத்தையைக் காலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "மொதல்ல யாரு விழறது?" என்றாள். தோழர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் போய் நின்றார்.