சத்தம் போடாத வண்டி

கோல்ஃப் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் என்னிடம் ஒரு கோல்ஃப் கார்ட் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று வீட்டில் கெட்ட பெயரும் இருக்கிறது.

அட்லாண்டாவுக்குத் தெற்கே, ஜார்ஜியா மாநிலத்தின் பீச்ட்ரீ சிட்டியில் குடியிருக்கிறோம். 1959-இல் உருவான ஊர். கார் ஓடும் சாலைகளை விட்டு விலகி, 100 மைல் அளவுக்குக் கார்ட் பாதைகள் ஊரெங்கும் பின்னிக் கிடக்கின்றன. பைன் மரங்களுக்கு நடுவே போகும், ஏரிக்கரையைத் தொடும், நெடுஞ்சாலைக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளிவரும். பால் வாங்கவும் நூலகத்துக்கும் கார்ட்தான். மெக்கின்டாஷ் உயர்நிலைப் பள்ளியில், நம்மூர் சைக்கிள் ஸ்டாண்ட் மாதிரி, மாணவர்களின் கார்ட்கள் வரிசைகட்டி நிற்கும். இப்படி ஓர் ஊரில் இருந்துகொண்டு எத்தனை நாள் நடந்தே போவது?

கேஸா, எலக்ட்ரிக்கா என்பதுதான் கேள்வி. மதுரையிலிருந்த அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏம்ப்பா, சிலிண்டரை எங்கிட்டு வைப்பாங்க?" என்றார். இங்கே பெட்ரோலைத்தான் கேஸ் என்பார்கள் என்று விளக்குவதற்குள் போன் கார்டே தீர்ந்துவிடும்போல இருந்தது.

முதலில் வாங்கியது கேஸ்தான், பழையது. குறை சொல்லக் கூடாது. மேட்டில் அலட்டாமல் ஏறும், டாங்க்கை நிரப்பிவிட்டால் பல நாள் கவலையில்லை. பெடலை மிதித்தால்தான் எஞ்சினே உயிர்பெறும். அந்த ஒரு நொடி வண்டி மொத்தமும் உதறும், மனைவி கையிலிருக்கும் காபி சிந்தும். சுரங்கத்துக்குள் நுழைந்தால் சத்தமும் புகையும் சேர்ந்து காதையும் மூக்கையும் அடைக்கும். இரண்டு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினால் வண்டி கிளம்பவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் நின்ற இடத்திலேயே கெட்டு, கார்புரேட்டரைப் பிசினாக அடைத்திருந்தது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன்.

பிறகு வந்தாள் என் எலக்ட்ரிக் ராணி! 8 வோல்ட் பேட்டரிகள் ஆறு, மொத்தம் 48 வோல்ட். முதல் நாள் பெடலில் காலை வைத்தேன். எஞ்சின் எப்போது கிளம்பும் என்று காத்திருக்கிறேன், வண்டி பாட்டுக்குப் பக்கத்து வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது! டயர் தரையில் உரசும் சத்தம், பைன் ஊசிகள் நொறுங்கும் சத்தம், பின்சீட்டில் மகள் மிட்டாய்க் காகிதத்தைப் பிரிக்கும் சத்தம். அதே பாதையில் ஒரு வருடம் போய்வந்தவன், அங்கே இத்தனை பறவைகள் இருப்பதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஈய பேட்டரிக்குப் பணிவிடை உண்டு. சீட்டைத் தூக்கி, மூடிகளைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, காய்ச்சி வடித்த நீரை ஊற்ற வேண்டும். சார்ஜுக்கு முன் தகடுகள் முழுகினால் போதும். முழுக்க சார்ஜ் ஏறிய பிறகுதான் மட்டத்துக்கு ஊற்ற வேண்டும். இது தெரியாமல் முதல் தடவை சார்ஜுக்கு முன்னாலேயே விளிம்புவரை நிரப்பிவைத்தேன். இரவெல்லாம் அமிலம் பொங்கி வழிந்து, துடைக்கப்போன என் ஜீன்ஸில் மறுநாள் சல்லடைக் கண்கள். அடுத்த தடவை லித்தியம் என்று மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள். தண்ணீர் வேலை கிடையாது, எடையும் பாதிகூட வராது. விலைதான் கொஞ்சம் கிறுகிறுக்க வைக்கிறது. நாளெல்லாம் தோட்டத்திலோ காட்டிலோ பாரம் இழுப்பவர் கேஸ் வாங்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. கீரை வாங்கப் போகிறவருக்கு எதற்கு எஞ்சின்?

போன கோடையில் அம்மா வந்தார். ஏறி உட்கார்ந்ததும், "அட, இது நம்ம மதுரை ஜங்ஷன்ல வயசானவங்களை ஏத்திட்டுப் போற பேட்டரி வண்டில்ல!" என்றார். இதற்காகவா மகன் இவ்வளவு பீற்றிக்கொண்டான் என்று முகத்தில் எழுதியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏரியைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பினேன். பாதையோரம் ஒரு மான், கூடவே குட்டி. வண்டி பத்தடி தூரம்வரை போய்விட்டது. தாய் தலையைத் தூக்கிப் பார்த்ததோடு சரி, மேய்ச்சலை விடவில்லை. அம்மா என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, காதோடு காதாகக் கேட்டார்: "வண்டியை அணைச்சிட்டியாப்பா?"


இல்லம்மா, ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.