விசுவாச ஊழியமும் விதவை நிதியும்

சேமிப்பு, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் அவிசுவாசத்தின் அடையாளங்கள், மெய்யான ஊழியனுக்குப் பாஸ்புக் எதற்கு என்று நம் கன்வென்ஷன் மேடைகளில் கேட்கிறார்கள். கூட்டமும் 'ஆமென்' என்கிறது. இந்த வாதத்துக்குச் சாட்சியாகத் தவறாமல் வந்து நிற்பவர், இங்கிலாந்தில் அநாதை இல்லங்கள் நடத்திய போதகர் ஜார்ஜ் முல்லர்.

முல்லரின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. சபையில் பணக்காரருக்கு நல்ல இருக்கை தரும் வாடகைமுறை பிடிக்காமல் 1830இல் அதிலிருந்து வந்த சம்பளத்தையே விட்டவர். 1836இல் பிரிஸ்டலில் வாடகை வீட்டில் தொடங்கிய அநாதை இல்லம், 1870இல் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டடங்களாக நின்றது. இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருந்தது. கடன் கிடையாது, கைநீட்டலும் கிடையாது. ஆண்டறிக்கை அச்சிட்டதே ஒருவகைக் கேட்டல்தான் என்பார்கள். ஆனால் 1841 இறுதியில் பெரும் பணமுடை வந்தபோது, முடையை விளம்பரம் செய்ததாகிவிடக் கூடாதென்று கூட்டத்தையும் அறிக்கையையும் அவர் தள்ளிவைத்தார். ஆகவே அந்தக் குறையை நான் எடுக்கவில்லை.

என் குறை வேறு. நம்பியவர் ஒருவர், பொறுத்தவர் வேறொருவர்.

1838 முதல் சில ஆண்டுகள் அந்த இல்லங்களின் கையிருப்பு அடிக்கடி வற்றியது. அப்போது முல்லர் உடன் வேலை செய்தவர்களிடம் நிலைமையைச் சொன்னார். அவர்களும் ஜெபித்தார்கள், தங்களிடம் இருந்த சொற்பக் காசையும் கொண்டுவந்து போட்டார்கள். இதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதுவும் தேவன் கொடுத்ததுதானே என்பார்கள். சரி. ஆனால் 'ஜெபம் கேட்கப்பட்டது' என்ற கணக்கில் அந்தப் பணியாளரின் பை காலியானது எந்தப் பக்கத்தில் எழுதப்படும்? புகழ் முல்லரின் விசுவாசத்துக்குப் போயிற்று.

பிரிஸ்டலிலாவது அது எழுதப்பட்டது. நம் ஊரில் எழுதப்படுவதில்லை. 'எல்லாத் தேவைகளும் அற்புதமாய்ச் சந்திக்கப்பட்டன' என்று ஊழியர் சாட்சி சொல்லும்போது, மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போன கதை அதில் வராது. பள்ளிக் கட்டணத்துக்காகப் பிள்ளை வகுப்பு வாசலில் நின்றதும் வராது. பாஸ்புக் வேண்டாம் என்ற தீர்மானத்தை எடுத்தவர் ஊழியர். மனைவியிடமும் பிள்ளையிடமும் யாரும் கேட்கவில்லை. அவர் கண்மூடிய பிறகு அந்தக் குடும்பம் உறவினர் வீட்டுத் திண்ணைக்கு வந்தால், அதற்கு வாழ்க்கை வரலாறு எழுத ஆள் கிடையாது. நாம் வாசிப்பதெல்லாம் பணம் வந்து சேர்ந்தவர்களின் கதைகள். வராதவர்களின் கதைக்குப் பதிப்பகம் ஏது?

பாஸ்புக் வேண்டாம் என்பதற்குப் பெயர்தான் விசுவாசம் என்றால், ஸ்காட்லாந்துப் போதகர்களை எதில் சேர்ப்பது? ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரண்டு போதகர்கள், ஆண்டுக்கு எத்தனை போதகர் இறக்கிறார்கள், எத்தனை விதவைகள் மிஞ்சுகிறார்கள் என்று புள்ளிவிவரம் திரட்டினார்கள். கணித மேதை காலின் மெக்லாரின் அந்தக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தார். 1744இல் விதவை நிதி உருவாயிற்று. போதகர் ஆண்டுதோறும் சந்தா கட்டினால், அவர் மறைவுக்குப் பின் மனைவிக்கு ஆண்டுத்தொகை. அவர்கள் யாரும் மலைப்பிரசங்கத்தின் ஆகாயத்துப் பறவைகளை மறந்தவர்கள் அல்லர்.

வேதத்தைப் பேசுவதானால் முழுக்கப் பேசலாமே. எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் வெளிப்படையாகவே பணம் கேட்டார், வாரத்தின் முதல்நாளில் எடுத்துவைக்கவும் சொன்னார். தகப்பனுக்கும் தாய்க்கும் சேரவேண்டியதைக் காணிக்கை என்று ஒதுக்கிவிட்டுக் கைகழுவியவர்களை இயேசு கண்டித்த இடம் மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. எந்த 'விசுவாச வாழ்க்கை' செய்தியிலும் அந்தப் பகுதி எடுக்கப்பட்டு நான் கேட்டதில்லை.

முல்லரிடமிருந்தே இன்னொன்றும் சொல்லலாம். ஆஷ்லி டவுனின் முதல் கட்டடத்துக்குப் போதுமான தொகை கைக்கு வரும்வரை அவர் வேலையைத் தொடங்கவில்லை. அவரை மேற்கோள் காட்டும் நம் ஊழிய நிறுவனங்கள், அடுத்த ஊழியரை எடுக்குமுன் அவர் குடும்பத்தின் பேரில் வங்கியில் ஒரு வைப்புத்தொகை போட்டுவிட்டு எடுக்கட்டும்.