ஈயமில்லா வரைபடம்

வரலாற்றுப் போர்த்திறக் கணினி விளையாட்டுகளில் நகரும் ஆறும் வளமும் அமைக்கப்படும் முறை, வரலாறு பற்றிய ஒரு கருத்தையும் உடன் உணர்த்துகிறது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டில் 2016இல் மலாய் நாகரிகமும் 2022இல் திராவிட நாகரிகமும் இணைக்கப்பட்டன. ஆயினும் அதன் வளங்கள் உணவு, மரம், பொன், கல் ஆகிய நான்கே. மலாக்கா சுல்தான்கள் காசு வார்த்த ஈயத்திற்கு அதில் இடமில்லை.

இக்குறையின் அளவைக் கிள்ளான் பள்ளத்தாக்கு காட்டும். 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர், கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடுமிடத்தில் படகைவிட்டிறங்கி அம்பாங்கிற்கு நடந்தனர். அக்கூடலில் கோலாலம்பூர் எழுந்தது. சுரங்கம் ஓரிடம், நகர் ஓரிடம். ஈயவரி தண்டியதோ ஆற்றின் கீழ்ப்புறத்துக் கிள்ளானில். வரியுரிமைப் பூசல் 1867இல் சிலாங்கூர் உள்நாட்டுப் போராக மூண்டது. விளையாட்டிலோ சுரங்கத்தருகே கூடம் அமைத்தாற் போதும், பொன் கையிருப்பில் சேர்ந்துவிடும்.

உழைப்பாளர் நிலை இதனினும் கருதத்தக்கது. 50 அலகு உணவுக்கு ஒரு தொழிலாளர் தோன்றுவார். அவருக்கு ஊருமில்லை, கடனுமில்லை. ஒப்பந்தக் கூலிகளாய் மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்க்கு ஊரும் இருந்தது, பயணக் கடனும் இருந்தது. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய தமிழ் இரும்புப்பாதைத் தொழிலாளரையும் அவ்வரைபடம் அறியாது.

எனினும் இவ்விளையாட்டை ஒதுக்குதல் தகாது என்பதே நம் கருத்து. அதில் வரைபடம் அமைக்கும் கருவி உண்டு. அதனைக் கொண்டு கிள்ளான் பள்ளத்தாக்கை அமைக்குமாறு மாணவரைப் பணிக்கலாம். ஈயத்தை எங்கு இடுவது என அவர்கள் வினவும்போது, அதனைத் தோண்டியோர், சுமந்தோர், வரி பெற்றோர் ஆகியோரைப் பற்றிய பாடத்தை ஆசிரியர் தொடங்கலாம்.