வுட்ஸ்டாக் தொகுப்பு: கலப்படமும் மழையும்

1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்துப் பண்ணை நிலமொன்றில் நடந்த வுட்ஸ்டாக் விழா, 1970இல் மூன்று இசைத்தட்டுகளாக வந்தது. ராக், ப்ளூஸ், நாட்டுப்பாடல் எல்லாம் உண்டு. கல்பாத்தியிலே கச்சேரி கேட்ட நம்ம காதுக்கு வரிசைதான் முதலில் உறுத்தும். விழாவைத் தொடங்கிய ரிச்சி ஹேவன்ஸ், தட்டில் ஜான் செபாஸ்டியனுக்கும் கேன்ட் ஹீட்டுக்கும் பின்னால் வருகிறார். வர்ணத்தை நடுவிலே பாடின மாதிரி! அதைப் பொறுக்கலாம். 'ஸீ ஆஃப் மேட்னஸ்' அந்த மேடையில் பதிவானதே இல்லை; பிறகு நியூயார்க் நகர அரங்கொன்றில் பதிவானது. மூட்டையில் வேறு அரிசியைக் கலந்தால் கடைத்தெருவில் என்ன சொல்வார்கள்? முதல் நாளிரவு மழையிலே சிதார் வாசித்த ரவிசங்கருக்கோ இதில் இடமே இல்லை. ஆனாலும் மழையைப் பார்த்துக் கூட்டம் எழுப்பிய கோஷத்தை வெட்டாமல் வைத்தார்களே, அதற்காகவே திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.