முகத்திமாவும் கொற்றலையாற்றுக் கற்களும்

அரபு மதரஸாக்களில் ஓதியவர்களுள் இப்னு கல்தூன் அவர்களின் பெயரை அறியாதார் இலர். அவர்களின் முகத்திமாவை முழுமையாக வாசித்தோரோ மிகச் சிலர். 1332-இல் தூனிஸில் பிறந்து 1406-இல் கெய்ரோவில் மறைந்த அப்பேரறிஞர், 1377-இல் எழுதிய அந்நூலின் முற்பகுதியில் உலகை ஏழு இக்லீம்களாகப் பகுத்து, தட்பவெப்பம் மனிதரை எவ்வாறு ஆக்குகிறது என ஆராய்கிறார்கள். அப்பகுதியை மட்டும் ஈண்டு மதிப்பிட விழைகிறோம்.

அதற்குக் காரணம் உண்டு. நாம் வாழும் பாரிவாக்கத்தில் வடமாநிலத்து இளைஞர்கள் கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கிறார்கள். "அவர்கள் ஊர் மண் அப்படி, புத்தி மந்தம்" என்று ஒருவர் சொல்ல, நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் அதற்கு முகத்திமாவையே சான்று காட்டினார். நமக்கு வருத்தமாயிற்று.

முதற்கண் நூலின் சிறப்பைக் கூறுவோம். கறுப்பு நிறம் நூஹ் (அலை) அவர்களின் மகன் ஹாமுக்கு நேர்ந்த சாபத்தின் விளைவு என்ற கதையை அது வன்மையாக மறுத்து, வெயிலே காரணம் என்கிறது. இன்றைய அறிவியலும் நிறத்தைக் கதிரொளியோடுதான் இணைக்கிறது. கடும் வெயிலில் கருந்தோல் உடலின் ஃபோலேட் சத்தைக் காக்கிறது. வெயில் குன்றிய நாட்டில் வெளிர்தோல் வைட்டமின் டி உண்டாகத் துணை செய்கிறது. எண்ணற்ற தலைமுறைகளில் அமைந்த பொருத்தம் இது.

குறை இதற்கு அப்பால் தொடங்குகிறது. தோலுக்குச் சொன்ன காரணத்தை ஆசிரியர் குணத்துக்கும் நீட்டுகிறார்கள். சூடானியர் களிப்பு மிக்கோராயிருப்பது வெப்பத்தாலாம். வெந்நீர்க் குளியலில் மனிதர் பாடத் தொடங்குவது அதற்குச் சான்றாம். குளிர்மலை சூழ்ந்த ஃபாஸ் நகரத்தார் பல ஆண்டுக்குக் கோதுமை சேமித்தும் அன்றாட உணவுக்கு அதிகாலையில் சந்தைக்கு ஓடுவது குளிராலாம். செய்திகளைத் துருவி ஆராயாமல் ஏற்ற வரலாற்றாசிரியர்களைத் தம் நூலின் தொடக்கத்திலேயே கண்டித்தவர்கள் இவர்கள். அந்த உரைகல்லில் இச்சான்றுகளை உரைத்தால் அவை தேறுமா?

நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம் விடை கூறும். இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங்குடன் கொற்றலையாற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் மேற்கொண்ட அகழாய்வில், அங்குள்ள கைக்கோடரிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என 2011-இல் வெளியாயிற்று. கல்லை முதலில் உருப்படுத்திக்கொண்டு பின்னர் வேண்டிய சில்லைத் தட்டியெடுக்கும் நுண்முறை, அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகட்கு முன்பே தோன்றிவிட்டதென 2018-இல் அறிவித்தனர்.

இத்தகைய கைக்கோடரி ஆப்பிரிக்க வெயிலிலும் கிடைக்கிறது. இங்கிலாந்தின் குளிரிலும் கிடைக்கிறது. தட்பவெப்பம் வேறு; வடிவம் ஏறத்தாழ ஒன்றே. வேறுபட்டது கல்தான். இங்கே ஆற்றோரத்துக் குவார்ட்சைட், அங்கே சிக்கிமுக்கி. நிலம் பொருளைத் தந்தது. அதைக் கருவியாக்கியது கையும் கருத்தும். புதிய நிலங்களுக்குப் பரவிய ஆதி மனிதர், அந்தந்த மண் தந்ததைத் தமக்கு ஏற்பப் பயன்படுத்தியே பிழைத்தனர். மண்ணே அறிவை அளந்து கொடுப்பதாயின் இது நிகழ்ந்திராது.

அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு எதுவும் கிட்டவில்லை. எனவே அக்கற்களை வைத்து 'எம் முன்னோரே முதலோர்' எனப் பெருமை கொள்வதும், மேற்சொன்ன இகழ்ச்சியைப் போலவே ஆதாரமற்றது.

முகத்திமாவை ஒதுக்குமாறு நாம் சொல்லவில்லை. ஹாம் கதையை மறுத்த அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறோம். பிறப்பால் ஓர் இனம் தாழ்ந்தது என்ற கதையை மறுத்த நூலைக் கையில் ஏந்திக்கொண்டு, பிறந்த மண்ணால் ஒருவரைத் தாழ்த்துவது அந்நூலாசிரியருக்குச் செய்யும் மரியாதையாகாது. அம்மாணவரிடமும் இதையே சொன்னோம்.